கம்பைலருக்குப் புரூப் பார்த்தல்

அச்சுப்பிழையைப் பற்றி எழுத்தாளர்கள் பேசத் தொடங்கினால் இரவு விடிந்துவிடும். கவிதையில் ஓர் அரவு விழுந்துபோன கதை, தலைப்பே மாறி வந்த கதை, ‘பிழை திருத்தம்’ என்று துண்டுக் கடதாசி அடித்து எல்லாப் பிரதிகளிலும் ஒட்டிய கதை என ஒவ்வொருவரிடமும் ஒன்று இருக்கும். அந்தப் பிழைகளைத் தேடிப் பிடிக்க உட்கார்ந்திருக்கும் ஆளைப் பற்றி மாத்திரம் யாரும் பேசுவதில்லை. நான் அந்த ஆள். 1978 முதல் ஒன்பது வருடங்கள் கொழும்பில் ஓர் அச்சகத்தில் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் புரூப் பார்த்தேன். பின்னர் ஊருக்கு வந்து ஆசிரியனாகி ஓய்வும் பெற்றாயிற்று. சில வருடங்களாக மீண்டும் புரூப் பார்க்கிறேன். இம்முறை கம்பைலர்களின் கைநூல்களுக்கு.

இதைக் கேள்விப்பட்ட இலக்கிய நண்பர் ஒருவர், “எழுதிறத விட்டுப்போட்டு கொம்பியூட்டருக்குக் கமா போடுறீங்களாமே?” என்று கேட்டார். ஓம் என்றேன். அவருடைய கடைசித் தொகுதிக்கும் ஒருவர் கமா போட்டிருக்கலாம். அதை நான் சொல்லவில்லை.

கம்பைலர் என்பது மனிதர் எழுதும் நிரலை இயந்திரம் விளங்கிக்கொள்ளும் கட்டளைகளாக மாற்றித் தரும் மென்பொருள். தமிழில் தொகுப்பி என்கிறார்கள். அதற்கு நூற்றுக்கணக்கான தெரிவுகள் உண்டு. இதைச் செய், இதைச் செய்யாதே என்று நிரலாளர் அதற்குச் சொல்லி வைக்கலாம். எந்தத் தெரிவு என்ன செய்யும், எது தானாகவே இயங்கும், எதைக் கேட்டுப் பெறவேண்டும் என்பவற்றையெல்லாம் கைநூல் சொல்கிறது. கதைப் புத்தகத்தைப் போல ஒரு மூச்சில் வாசிக்கும் நூலல்ல அது. கையில் ஒரு சிக்கலோடு வருபவர் ஒரு பந்தியை மட்டும் வாசித்து, அதை அப்படியே நம்பிப் போவார்.

என் மகளும் அப்படித்தான் ஒரு பந்தியை நம்பினாள். பொறியியல் பீடத்திலிருந்து வெளியேறி கொழும்பில் ஒரு நிறுவனத்தில் சேர்ந்த முதல் வருடம். தகுதிகாண் காலம் முடிய இரண்டு கிழமைகள் இருந்தன. அவள் எழுதிய நிரல் சோதனையின்போது ஒழுங்காக ஓடியது; வேகப்படுத்திக் கட்டியதும் பிழையான எண்ணைத் தந்தது. மேலே இருந்தவர்கள் அவளுடைய நிரலைச் சந்தேகித்தார்கள். அவள் கைநூலின் பக்கத்தைக் காட்டி வாதாடியிருக்கிறாள். கைநூலை ஒழுங்காக விளங்கிக்கொண்டாயா என்று அவர்கள் கேட்டிருக்கிறார்கள். மூன்று இரவு தூங்காமல் வெள்ளிக்கிழமை ஊருக்கு வந்தவள், சாப்பாட்டைக் கையால் அளைந்துகொண்டிருந்தாள்.

விடயம் இதுதான். சி என்ற மொழியில், நேர்ப் பெறுமானத்தையும் மறைப் பெறுமானத்தையும் கொள்ளும் 32 பிட் முழுவெண் ஒன்றின் மேல் எல்லை 2147483647. அதற்கு மேலும் ஒன்றைக் கூட்டினால் என்ன ஆகும்? என்ன ஆகும் என்று அம்மொழியின் நியமம் சொல்வதில்லை, வரையறுக்காமல் விட்டிருக்கிறது. ஆகவே அப்படி ஒன்று நடக்கவே மாட்டாது என்று எடுத்துக்கொள்ளக் கம்பைலருக்கு உரிமை உண்டு. ‘கூட்டிய பிறகு எண் சிறுத்துவிட்டதா பார்’ என்று நிரலாளர் ஒரு காவலை எழுதி வைத்தால், நிரலை வேகப்படுத்தும் கம்பைலர் அந்தக் காவலையே தேவையற்றதென்று தூக்கி எறிந்துவிடலாம். கூட்டினால் எண் சிறுக்காது என்பது அதன் நியாயம். எல்லையைத் தாண்டும் எண் மறுமுனைக்குச் சுற்றி வரட்டும், காவலைத் தொடாதே என்று சொல்வதற்கும் ஒரு தெரிவு இருக்கிறது. என் மகள் எழுதியிருந்தது அப்படியொரு காவல். வேகப்படுத்தும்போதும் அந்தத் தெரிவு தானாக இயங்கும் என்று கைநூல் சொன்னதாகவே அவள் நம்பியிருந்தாள்.

இவ்வளவையும் அன்றிரவு அவள் எனக்கு விளங்கப்படுத்தினாள். பாதிதான் விளங்கியது. அந்தப் பக்கத்தைக் காட்டச் சொன்னேன். மடிக்கணினியில் என்னால் புரூப் பார்க்க இயலாது. அச்சிட்டுத் தரச் சொல்லி, பென்சிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

அச்சகத்தில் எங்களுக்குப் பழக்கியது, பொருளை விட்டுவிட்டு வசனங்களுக்கிடையே உள்ள உறவைப் பார்ப்பது. சட்டப் பத்திரமோ மருந்துப் பட்டியலோ, அதன் பொருள் எங்களுக்குத் தெரியவேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. ஒருவர் மூலப்பிரதியைக் கமா, முற்றுப்புள்ளி உட்பட உரக்க வாசிப்பார். மற்றவர் புரூப்பின் மேல் கண்ணை ஓட்டுவார். மூலப்பிரதி இல்லாத வேளையில் ஒரு வசனத்தை அடுத்த வசனத்தைக் கொண்டு சோதிப்போம். இங்கும் அதையே செய்தேன். முதல் வசனம், அந்தத் தெரிவு இரண்டாம் நிலை வேகப்படுத்தலில் இப்போது இயங்குகிறது என்றது. அடுத்த வசனம் ‘ஆகவே’ என்று தொடங்கி, அது தேவைப்படுவோர் தனியாகக் குறிப்பிட வேண்டும் என்றது. ஏற்கெனவே இயங்குகின்ற ஒன்றை எதற்குத் தனியாகக் கேட்கவேண்டும்? அந்த ‘ஆகவே’ எங்கே தொங்குகிறது?

“மகள், இந்த ‘நௌ’ என்கிறது ‘நொட்’ ஆக இருக்கவேணும்” என்றேன். “கடைசி எழுத்து டீ வரவேண்டிய இடத்தில டபிள்யூ வந்திருக்கு.”

அவள் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “அந்த ரெண்டு வசனமும் ஒண்டுக்கொண்டு பொருந்தல்ல எண்டு எனக்கும் பட்டிச்சு வாப்பா. என்ட இங்கிலீஷ்தான் சரியில்லையாக்கும் எண்டு நினைச்சன்” என்றாள்.

நான் சொல்ல விரும்புவது அவளுடைய அந்த ஒரு வசனத்தில் அடங்கியிருக்கிறது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவன் அச்சுப்பிழையைக் கண்டால் சிரித்துவிட்டு மேலே போவான். பிழை அச்சில் இருக்கிறது என்று அவனுக்கு நிச்சயமாகத் தெரியும். பாடசாலையில் இங்கிலீஷ் கற்ற எங்கள் பிள்ளை, பிழை தன்னிடம் இருக்கிறது என்று முடிவு செய்கிறாள். எழுத்து மாறிய சொல்லை அவள் அகராதியில் தேடுகிறாள். கிடைக்காவிட்டால், தனக்குத் தெரியாத துறைச் சொல்லாக்கும் என்று எண்ணிக்கொள்கிறாள். ஒரு கைநூலின் அச்சுப்பிழைக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. இதற்காகவே எனது முதுமையின் காலைகளை இதில் செலவிடுகிறேன்.

புத்தகத்தில் இப்படியொரு சந்தேகம் வந்தால் ஆசிரியரிடம் போகவேண்டும். ஆசிரியர் இறந்திருந்தால் பண்டிதர்களின் சண்டையில்தான் போய் முடியும். கம்பைலரின் கைநூலுக்கோ உயிரோடு ஒரு சாட்சி இருக்கிறது. கம்பைலரையே கேட்கலாம். மகள் அங்கேயே நாலு வரியில் ஒரு சிறு நிரல் எழுதினாள். தெரிவைக் குறிப்பிடாமல் வேகப்படுத்திக் கட்டினாள், காவல் காணாமற்போனது. தெரிவைக் குறிப்பிட்டுக் கட்டினாள், காவல் நின்றது. பென்சில் அடையாளம் சரிதான் என்று இயந்திரமே சொல்லியாயிற்று. திங்கட்கிழமை அந்த நாலு வரியோடு அவள் வேலைக்குப் போனாள். தகுதிகாண் காலமும் முடிந்தது. கைநூல் எதனுடையது என்று நான் எழுதப்போவதில்லை. அதைப் பேணுகிறவர்கள் பெரும்பாலும் தங்கள் ஓய்வு நேரத்தில் உழைப்பவர்கள். திருத்தத்தை அனுப்பியபோது மறுநாளே, வேறொரு கண்டத்திலிருந்து முகம் தெரியாத ஒருவர் நன்றி சொல்லி ஏற்றுக்கொண்டார்.

திருத்தத்தை அனுப்பும் முறை எனக்குப் பிடித்துப்போனது. பழைய வரியை முன்னால் சய அடையாளமிட்டும், புதிய வரியைச் சக அடையாளமிட்டும் ஒன்றன்கீழ் ஒன்றாகக் காட்டவேண்டும். மேலும் கீழுமாகச் சுற்றியுள்ள சில வரிகளும் அடையாளமின்றி வரும், இடம் விளங்குவதற்காக. இரண்டு பிரதிகளுக்கிடையே உள்ள வேறுபாட்டைத் தானாகக் கண்டுபிடிக்கும் நிரல் 1974 இல் யுனிக்ஸின் ஐந்தாம் பதிப்போடு வந்தது; பெல் ஆய்வுகூடத்தில் டக்ளஸ் மக்கில்ரோய் எழுதியது. அந்த வேறுபாட்டை வாங்கிப் பிரதியில் பொருத்திவிடும் நிரலை 1985 இல் லரி வோல் எழுதினார். எங்கள் அச்சகத்தில் திருத்தப்பட்ட ஈய எழுத்து மீண்டும் பெட்டிக்குள் விழுந்துவிடும். யார் பிழைவிட்டார், யார் பிடித்தார் என்பதற்கு அடுத்த நாள் சான்றில்லை. இங்கோ பிழையான எழுத்தும், திருத்திய எழுத்தும், திருத்தியவரின் பெயரும், திகதியும் நிலைத்து நிற்கின்றன. ஒன்பது வருடங்களாக எந்தப் புத்தகத்திலும் அச்சேறாத என் பெயர், ஒரு டபிள்யூவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. பெருமையாக இல்லை என்று சொன்னால் அது பொய்.

பெயர் சொல்லிப் பேசக்கூடிய ஒரு கம்பைலர் ஜீ.சீ.சீ. ரிச்சர்ட் ஸ்டோல்மன் குனூ திட்டத்துக்காக எழுதி 1987 இல் முதலில் வெளியிட்டது. அதில் சேர்க்கப்படும் எதையும் பொறுப்பானவர் ஒருவர் பார்வையிட்டு அனுமதிக்கவேண்டும். ஆனால் பிரதியில் நேரடியாக எழுதும் உரிமை பெற்றவர்கள், வெளிப்படையான எழுத்துப்பிழைகளை யாரிடமும் அனுமதி கேட்காமலே திருத்தலாம். திருத்திவிட்டு அறிவித்தால் போதும். எழுத்துப்பிழையைத் திருத்துவதற்குக் கூட்டம் கூட்டி, தலைவர் தெரிவுசெய்து, நன்றியுரையும் ஆற்றும் எங்கள் சங்கங்களை நினைத்துக்கொண்டேன். பெரிய பங்களிப்புச் செய்வோர் பதிப்புரிமையைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளைக்கு எழுதிக்கொடுக்கவேண்டும் என்ற நிபந்தனை அங்கே 2021 வரை இருந்தது. ஒரு கமாவுக்கு அது ஒருபோதும் தேவைப்படவில்லை.

அவர்களிடம் எழுத்து வழக்குக்கென்று ஓர் ஒழுங்குப் பத்திரமும் உண்டு. ஆங்கிலச் சொற்களை அமெரிக்க முறையில் எழுதவேண்டும் என்பது அதில் ஒன்று. ‘பிஹேவியர்’ என்ற சொல்லில் ஒரு யூவை விட்டதற்காக எனது ஆங்கில ஆசிரியர் பிரம்பெடுத்தவர். அதே யூ இன்று கைநூலில் இருந்தால் அதை நான் எடுக்கவேண்டும். கை கூசத்தான் செய்கிறது. ஆயினும் ஒரு நூலுக்கு ஓர் ஒழுங்கு வேண்டும். ‘பூச்சியமல்லாத’ என்பதற்குரிய ஆங்கிலச் சொல்லை நடுவே சிறுகோடின்றி ஒரே சொல்லாக எழுதவேண்டும் என்று கூட அந்தப் பத்திரம் தீர்மானித்து வைத்திருக்கிறது. எங்கள் சஞ்சிகைகளில் ‘கணினி’யா ‘கணனி’யா என்பதே இன்னும் ஒரு இதழுக்குள் தீரவில்லை.

சிறுகோடு என்றதும் இன்னொன்று. கம்பைலரின் தெரிவுகள் ஒரு சிறுகோட்டோடு தொடங்கும். சில இரண்டு சிறுகோடுகளோடு. ஜீ.சீ.சீ. போன்றவற்றின் கைநூல் டெக்ஸ்இன்ஃபோ என்ற முறையில் எழுதப்படுகிறது. அச்சுப் பக்கத்தை டெக் என்ற நிரல் உருவாக்குகிறது. டெக்குக்கு அச்சழகு தெரியும். சாதாரண வசனத்தில் பக்கத்துப் பக்கமாக இரண்டு சிறுகோடுகளைக் கண்டால் அவற்றை ஒன்றாக்கி ஒரு நீட்டுக்கோடாக அச்சிடும். புத்தகத்துக்கு அது அழகு. கட்டளையை அந்தப் பக்கத்திலிருந்து பிரதியெடுத்து ஒட்டுபவனுக்கோ கம்பைலர் அப்படியொரு கோப்பே இல்லை என்று சொல்லும். கண்ணுக்கு இரண்டும் கோடுதான். தெரிவுகளை அதற்குரிய குறியீட்டுக்குள் எழுதினால் இந்த மயக்கம் வராது. இப்படி விடுபட்ட இடங்களைத் தேடுவது கடற்கரை மணலில் ஊசி பொறுக்குவதுபோல. எனக்கு மிகவும் பிடித்த வேலை.

டெக்கின் பிறப்பே ஒரு புரூப் கதைதான். 1962 இல் ஒரு பதிப்பகம் டொனல்ட் க்னூத் என்ற இளைஞரைக் கம்பைலர்களைப் பற்றி ஒரு நூல் எழுதித் தரக் கேட்டது. அது வளர்ந்து வளர்ந்து பல பாகங்கள் கொண்ட பெருநூலாயிற்று, இன்னும் முடியவில்லை. 1977 இல் இரண்டாம் பாகத்தின் புதிய பதிப்புக்கு வந்த புரூப்பைப் பார்த்த க்னூத், அதன் அவலட்சணத்தைச் சகிக்காமல், அச்சுக்கோக்கும் நிரலொன்றைத் தாமே எழுதத் தொடங்கினார். அதுதான் டெக். தமது நூல்களில் பிழை கண்டுபிடிப்போருக்கு, அச்சுப்பிழையாயினும் சரி, 2 டொலர் 56 சதத்துக்குக் காசோலை அனுப்பும் வழக்கமும் அவரிடம் இருந்தது. 256 என்பது கணினிக்காரர்களுக்குப் பிடித்த எண். பெற்றவர்கள் அதை வங்கியில் மாற்றாமல் சட்டமிட்டுச் சுவரில் மாட்டினார்கள். வங்கி மோசடிகளின் காரணமாக 2008 முதல் காசோலைக்குப் பதிலாக ஒரு கற்பனை வங்கியின் சான்றிதழை அனுப்புகிறார். புரூப் பார்ப்பவனைச் சுவரில் மாட்டிய ஒரேயொரு எழுத்தாளர் இவராகத்தான் இருக்கவேண்டும்.

இயந்திரமே எழுத்துப்பிழை பார்க்குமே, நீங்கள் எதற்கு என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பிரெட் டமெரோ 1964 இல் எழுதிய ஆய்வில், பிழைகளில் 80 சதவீதத்துக்கும் அதிகமானவை நான்கு வகைக்குள் அடங்குவதாகக் கண்டார்: ஓரெழுத்து மாறுதல், ஓரெழுத்து விடுபடல், ஓரெழுத்துக் கூடுதல், அடுத்தடுத்த இரண்டு எழுத்துக்கள் இடம் மாறுதல். 1975 இல் ரொபர்ட் மொரிஸும் லொரின்டா செரியும் வேறொரு வழியை விபரித்தார்கள். ஆவணத்திலுள்ள மூவெழுத்துச் சேர்க்கைகளை எண்ணி, எந்தச் சொல் மிக விசித்திரமாக இருக்கிறதோ அதை முதலில் காட்டும் நிரல் அது. இப்போது கம்பைலருக்கே இந்த வித்தை தெரியும். 2016 இல் வந்த ஜீ.சீ.சீ. ஆறாம் பதிப்பிலிருந்து, நிரலாளர் ஒரு பெயரைப் பிழையாக எழுதினால், இதையா சொல்ல வந்தீர்கள் என்று கிட்டிய பெயரை எடுத்துக் காட்டுகிறது. நல்ல விடயம். ஆனால் ‘நௌ’வும் ஒரு சொல், ‘நொட்’டும் ஒரு சொல். சொல்லை மட்டும் பார்க்கும் எந்தத் திருத்தியும் இரண்டையும் வணங்கி வழிவிடும். வரி முடிவில் ஒரு ‘த’, அடுத்த வரித் தொடக்கத்தில் இன்னொரு ‘த’ என்று வரும் இரட்டிப்பை இயந்திரம் இலகுவாகப் பிடிக்கும். மனிதக் கண் வழுக்கிப்போகும். ஆளுக்கொரு பங்கு இருக்கிறது.

இயந்திரத்தை முழுதாக நம்பி ஓடவிட்டால் வேறொரு ஆபத்து. சில பிழைகளைத் திருத்தக்கூடாது. யுனிக்ஸில் கோப்பொன்றை உருவாக்கும் அழைப்பின் பெயர் ‘கிரியேட்’. அதன் கடைசி ஈ இல்லை. யுனிக்ஸை மீண்டும் ஒருமுறை செய்தால் என்ன மாற்றுவீர்கள் என்று கேட்கப்பட்டபோது, அந்த ஈயைச் சேர்த்துக்கொள்வேன் என்று கென் தொம்சன் சொன்னதாகக் கதை உண்டு. வட்டொன்றைக் கழற்றும் ‘அன்மவுண்ட்’ கட்டளையில் ஒரு என்னைக் காணவில்லை. இணையத்தில் எந்தப் பக்கத்திலிருந்து வந்தாய் என்று சொல்லும் ‘ரெபரர்’ என்ற தலைப்பில், நடுவே இரண்டு ஆர் இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றுதான். 1996 இன் நியம ஆவணத்தில் அப்படியே ஏறி, உலகமெல்லாம் அப்படியே ஓடிக்கொண்டிருக்கிறது. இவற்றைக் கைநூலில் யாராவது ‘திருத்தி’னால், எழுத்து சரியாகும், வாசித்துச் செய்பவனின் நிரல் ஓடாது. அச்சகத்தில் ஆட்பெயர்களில் கைவைக்காதே என்பார்கள். ஒருவருடைய பெயரை வாப்பா எப்படி எழுதினாரோ அப்படித்தான் அச்சடிக்கவேண்டும், பதிவேட்டுக்காரர் பிழையாக எழுதியிருந்தாலும் கூட. நம்மவர்களின் அறபுப் பெயர்கள் பிறப்பத்தாட்சிப் பத்திரத்தில் படும் பாட்டை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல.

தமிழிலும் இந்த வேலை காத்திருக்கிறது. ‘ஔவை’ என்று எழுத ஒருவர் ஔ என்ற ஓரெழுத்தை இடுகிறார். இன்னொருவர் ஒ போட்டு ள போடுகிறார். தாளில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். இயந்திரத்துக்கு அவை இரண்டு வேறு சொற்கள். ஒன்றைத் தேடினால் மற்றது அகப்படாது. இப்படிப் பதிந்து வைத்த எங்கள் நூல்களை நாளை யாராவது தேடும்போது, இல்லை என்ற பதில்தான் வரும். அதைப் பார்க்கவும் ஆள் வேண்டும்.

மகள் இப்போது புதிதாகச் சேர்பவர்களைப் பயிற்றும் இடத்தில் இருக்கிறாள். பதுளையிலிருந்தும் வவுனியாவிலிருந்தும் வந்த பிள்ளைகள் அவளிடம் இருக்கிறார்கள். கைநூலில் ஒரு வசனம் விளங்காவிட்டால் மூன்று தரம் வாசியுங்கள், நாலாம் தரம் என்னிடம் கொண்டு வாருங்கள் என்று சொல்லி வைத்திருக்கிறாளாம். அவளுக்கும் தீராதவை எனக்கு மின்னஞ்சலில் வரும். பெரும்பாலானவை பிழையே அல்ல; ஆங்கிலத்திலேயே அழகாக எழுதத் தெரியாத ஒருவரின் நீண்ட வசனம். அவற்றுக்கு நான் ஒன்றும் செய்வதற்கில்லை. இரண்டாக உடைத்து அனுப்பிப் பார்ப்பேன். சில வேளை ஏற்பார்கள்.

இந்தக் கிழமை வந்தது ஒரு பக்கம். மேலிருந்து இரண்டு பந்திகளில் எதுவும் இல்லை. மூன்றாவதில் வரி முடியும் இடத்தில் ஒரு ‘த’, அடுத்த வரியில் இன்னொன்று. அதற்கும் கீழே, தெரிவொன்றின் முன்னால் இரண்டு சிறுகோடுகள் ஒன்றாகி நீண்டு கிடக்கின்றன. இரண்டையும் பென்சிலால் வட்டமிட்டு வைத்திருக்கிறேன். அனுப்பவேண்டும்.